திருப்பிக் கட்டிய ஆறு கம்பி

பிற்பகல் இரண்டே முக்கால்.

சிரிக்காதீர்கள். பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டுக்கு அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் பயம். ராத்திரி என்றால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். பகலில் எதைப் போடுவது?

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாராவது எழுந்து அந்தக் கதவைச் சாத்துங்கள், காற்று வருகிறது.

இரண்டே முக்கால்... நல்ல வெயில். கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு தெரு. ஒரு பக்கம் முழுக்கத் தகர மதில். மறுபக்கம் நாலே வீடுகள், அதில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன. நாய்கூட நிழல் பார்த்துப் போய்விட்டது. அந்தத் தெருவில் ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார். கையில் ஒரு காகிதப் பை. செருப்புச் சத்தம் மட்டும்... சரக், சரக். தன் வீட்டு வாசலுக்கு இன்னும் பத்தடி இருக்கும்போது நின்றுவிட்டார்.

டிங்...

உள்ளே யாரோ கிட்டார் வாசிக்கிறார்கள். வாசிக்கிறார்கள் என்று சொல்வதே தப்பு. டிங்... டிங்... டொக். கம்பியை அழுத்தத் தெரியாதவன் அழுத்தினால் வருமே, அந்த டொக். மறுபடி முதலிலிருந்து... டிங்... டிங்... டொக். முதல் நாள் பாடத்துக்கு வந்தவன் தடவுவது போல.

வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை. பூட்டுத் தொங்குகிறது. சாவி அவர் சட்டைப் பையில். மனைவி வேலையிலிருந்து நாலரைக்குத்தான் வருவாள். அவர் பூட்டைத் திறந்தார். கதவைத் தள்ளினார்.

யாரும் இல்லை.

ஜன்னல் உள்ளே தாழிட்டது தாழிட்டபடி. மேசைமேல் அரங்கள் வரிசையாக. ஸ்டாண்டில் ஒரு பழைய எலெக்ட்ரிக் கிட்டார், ஒயர் எதுவும் செருகாமல். குனிந்து பார்த்தார். ஆறு கம்பியில் ஒன்று மட்டும்... இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. அறை முழுக்கக் கிராம்பு வாசனை.

அலறினாரா? ஓடினாரா? அதுதான் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, சிரித்தார்.

ஏன் சிரித்தார் என்று சொல்கிறேன். அது புரிந்தால்தான் மீதி பயமாக இருக்கும்.

என்னோடு படித்த நெட்டையனை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். அவனுடைய அக்கா வீட்டுக்காரர்தான் இவர். கிட்டார் பழுதுபார்ப்பவர். தொழிலில் அவருக்குப் பெயரே ‘அரைநூல்’. எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு கண்ணை மூடி, விளிம்பு வழியாகப் பார்த்து, ‘அரை நூல் தூக்கலா இருக்கு’ என்பார். நூல் என்பதே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. வீட்டு வாசற்படி, சட்டைப் பொத்தான், மாமனார் மூக்கு... எல்லாமே அவருக்கு அரை நூல் கூடவோ குறையவோதான்.

அப்பேர்ப்பட்ட கைக்கு ஒரே ஒரு குறை. வாசிக்க வராது. சுருதி சேர்ப்பார், கழுத்தை நிமிர்த்துவார், செத்துப் போன ஒயருக்கெல்லாம் உயிர் கொடுப்பார். தாளம் மட்டும் சுட்டுப் போட்டாலும் வராது. கூட்டத்தில் கை தட்டச் சொன்னால்கூட, எல்லாரும் தட்டி ஓய்ந்த பிறகு தனியாக ஒன்று தட்டுவார்.

நெட்டையனின் அக்காவுக்கு இவர் இரண்டாவது கணவர். முதல் ஆள் இருந்தானே, அவன் வாசிப்பவன். அக்காவோடு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். இடதுகைக்காரன் என்பதால் எல்லாரும் அவனை லெஃப்ட் என்றே கூப்பிடுவார்கள். தொண்டைக்கு நல்லது என்று எந்நேரமும் வாயில் ஒரு கிராம்பு. கல்யாணமாகி இரண்டே வருஷம். ஒரு காய்ச்சல்... நாலு நாள்... போய்ச் சேர்ந்தான். ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த நேரம் இரண்டே முக்கால்.

உயிரோடு இருப்பவன்மேல் பொறாமைப்படுவதில் ஒரு வசதி உண்டு. அவனுக்கும் தொப்பை விழும், முடி கொட்டும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பெண்டாட்டியிடம் எரிந்து விழுவான். செத்தவனுக்கு அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. லெஃப்டுக்கு என்றைக்கும் இருபத்தெட்டு. அரைநூலுக்கு வருஷம் ஒன்று கூடிக்கொண்டே போய் நாற்பத்தாறு.

அக்கா ஒருநாளும் ஒப்பிட்டுப் பேசியதில்லை. பேசியிருந்தால் பதிலுக்கு இவரும் பேசியிருப்பார். அவள் செய்தது ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு நீளப் பெட்டியை இழுப்பாள். ஈரத்துணியால் துடைப்பாள். திறக்க மாட்டாள். திரும்ப உள்ளே தள்ளிவிடுவாள். இந்தப் பக்கம், ஆறு வருஷத்தில் இவருடைய பட்டறைக்குள் அவள் கால் வைத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். ‘சாப்பிட வாங்க, ஆறிடும்’ என்று வாசலில் நின்று சொல்வாள், போய்விடுவாள். மரியாதை உண்டு, கவனிப்பு உண்டு, முகம் கோணியதே இல்லை. இருந்தும் தன் வீட்டில் தானே விருந்தாளி என்று அரைநூலுக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணம் அவரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு பெட்டியின் கொக்கி அவள் கையோடு வந்துவிட்டது. மூடி திறந்துகொண்டது. உள்ளே கிட்டார், கம்பியெல்லாம் துரு.

“என்னங்க... இதைச் சரி பண்ணித் தர்றீங்களா? சும்மா கிடந்து வீணாப் போகுது.”

“யாரு வாசிக்க?”

“யாரும் வாசிக்க வேணாம். சத்தம் வந்தாப் போதும். அவன் எப்படி வெச்சிருந்தானோ அப்படியே இருக்கட்டும்.”

அவன்! ஆறு வருஷமாக இவருக்கு ‘நீங்க’, ‘வாங்க’, ‘என்னங்க’. செத்துப் போனவனுக்கு ‘அவன்’. எது கிட்ட, எது தூரம் என்று யாரும் இவருக்கு விளக்க வேண்டியதில்லை.

வாங்கி மேசைமேல் வைத்துப் பிரித்தார். அருமையான சாமான். நாம் இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாரையும்விட வயதில் மூத்தது. இடதுகைக்காரர்களுக்கென்று செய்த பழைய கிட்டார் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் லெஃப்ட் வலதுகைக் கிட்டாரையே தலைகீழாகப் பிடித்து, ஆறு கம்பியையும் வரிசை மாற்றிக் கட்டி வாசித்திருக்கிறான். கழுத்தின் உச்சியில் எலும்பில் ஒரு சின்னக் கட்டை இருக்கும், நட் என்பார்கள். அதில் ஆறு பள்ளம். தடித்த கம்பிக்கு அகலப் பள்ளம், மெல்லிய கம்பிக்குக் கீற்றுப் பள்ளம். அந்த நட்டையும் தனக்கேற்றபடி மாற்றி அறுத்து வைத்திருந்தான்.

பழுதுபார்ப்பவன் கண்ணுக்கு ஒரு கிட்டார் எல்லாவற்றையும் சொல்லிவிடும். முழங்கை உரசி உரசிப் பெயின்ட் போயிருக்கிறது, இங்கேதான் கை வைத்திருக்கிறான். பின்பக்கம் பெல்ட் கொக்கியின் கீறல், இவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறான், ஆள் ஒல்லி. முகம் தெரியாமல் இருந்தவனின் உடம்பு மொத்தமும் அரைநூலின் மேசையில் வந்து படுத்துக்கொண்டது.

ஆனாலும் வேலையில் வஞ்சகம் இல்லை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப் ஒன்று செத்திருந்தது. தலைமுடி தடிமனில் செப்புக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று... ஒன்பது நாள் உட்கார்ந்து சுற்றினார். கரகரத்த வால்யூம் குமிழைக் கழுவினார். உள்ளே ஒயர்களைப் பார்த்தபோது, ஓரிடத்தில் ஒயரை ஒட்டுகிற ஈயப்பற்று கன்னாபின்னாவென்று மலை மாதிரி குவிந்திருந்தது.

அன்றைக்கென்று அக்கா காபியோடு வாசலில் நின்றாள்.

“எந்தப் பைத்தியக்காரன் இப்படிப் பத்த வெச்சான்?” என்றார்.

அக்கா எட்டிப் பார்த்தாள். முகமே மலர்ந்துவிட்டது.

“ஐயோ, நான்தாங்க! அவன் ஒயரைப் பிடிச்சுக்கிட்டான், நான் பத்த வெச்சேன். விரல்ல சுட்டுக்கிட்டு, ரெண்டு பேரும் ஒரே சிரிப்பு அன்னைக்கு.”

வயிறு எரிந்தது என்று நாம் பேச்சுக்குச் சொல்வோம். அரைநூலுக்கு நிஜமாகவே எரிந்தது, இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டார். தன் மேசையில் ஒரு நாளாவது அவள் அந்தச் சூட்டுக்கோலைத் தொட்டிருக்கிறாளா? ஏன் தொடவில்லை? ‘அங்கே எதையும் தொடாதே, அளவு மாறிடும்’ என்று கல்யாணமான முதல் வாரமே சொன்னது யார் என்பது அவருக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அந்த ஈய மலையை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பொட்டு மாதிரி பற்றவைத்தார். அதோடு விட்டிருக்கலாம். பழைய நட்டைத் தட்டிக் கழற்றினார். புது எலும்பை எடுத்தார். அரத்தை எடுத்தார். அகலப் பள்ளம் எந்தப் பக்கம் இருக்க வேண்டுமோ அந்தப் பக்கம், கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த மாதிரி... வலதுகைக்கு. ஆறு கம்பியையும் திருப்பிக் கட்டினார். அரை நூல்கூடப் பிசகில்லை. கட்டி முடித்து, ஸ்டாண்டில் வைத்து, விலகி நின்று பார்த்து, வாய்விட்டே சொன்னார்:

“இனிமே நீயே எழுந்து வந்தாலும் வாசிக்க முடியாதுடா... பீச்சாங்கை.”

வெறும் அறையில் யாரையும் வம்புக்கு இழுக்கக் கூடாது. உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

சாயங்காலம் அக்கா வந்து பார்த்தாள். கம்பிகளின் வரிசையை விரலால் தொட்டாள்.

“திருப்பிட்டீங்களா?”

“ஒரிஜினல் இதுதான். பழசைச் சரி பண்றதுன்னா ஒரிஜினலுக்குக் கொண்டு வரணும். தொழில் தர்மம்.”

“ஓ... சரி.”

அவ்வளவுதான். மறு ஞாயிறு அவள் ஈரத்துணியை எடுக்கவே இல்லை.

இப்போது தெரிகிறதா அவர் ஏன் சிரித்தார் என்று? கம்பியைத் திருப்பிக் கட்டிய மூன்றாம் நாள் இரண்டே முக்காலுக்கு அந்த டிங், டிங், டொக் கேட்டதே, அது யார் என்று கிராம்பு வாசனையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தே வந்துவிட்டான். வந்து பார்த்தால் கம்பியெல்லாம் தலைகீழ். கம்பியை மீட்டிப் பழகிய கை இப்போது அழுத்த வேண்டும், அழுத்திப் பழகிய கை மீட்ட வேண்டும். கச்சேரி பண்ணியவன் ‘அ’னா ‘ஆ’வன்னா எழுதிக்கொண்டிருக்கிறான்!

பயமா? பொறாமைக்காரனுக்கு அதைவிட இனிப்பு உண்டா? தினமும் இரண்டரைக்கே டீ போட்டுக்கொண்டு, பட்டறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். டொக் என்று விழும்போதெல்லாம் ‘ம்... அப்படித்தான்’ என்று தலையாட்டுவார். கால் மணி நேரம் நடக்கும். அப்புறம் நின்றுவிடும். உள்ளே போனால் கிராம்பு வாசனை.

ஒரு வாரம். இரண்டு வாரம்.

மூன்றாவது வாரம் டொக் குறைந்தது. நாலாவது வாரம் ஸ்வரங்கள் ஏணிப்படி மாதிரி ஏறி இறங்கின. அரைநூல் டீயைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார். செத்தவனுக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? பழகிக்கொண்டே இருக்கலாம்.

ஐந்தாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. உள்ளே ஒரு மெட்டு ஓடிக்கொண்டிருந்தது, இன்னும் கொஞ்சம் தடுமாற்றத்தோடு. அவர் கதவைத் திறந்து உள்ளே போய் நின்றார். சத்தம் நின்றது. பின்னாலேயே வாசலில் செருப்புச் சத்தம். அக்கா. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மூச்சு வாங்குகிறது. தெருவிலிருந்தே கேட்டிருக்கிறாள்.

கிட்டாரைப் பார்த்தாள். தனியாக நிற்கிற இவரைப் பார்த்தாள்.

“நீங்களா?” என்றாள். “எனக்குத் தெரியாம... எனக்காகவா கத்துக்கிறீங்க?”

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அரைநூல் அந்த நொடியை விட்டுவிட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அக்கா அழுதாள். ‘அதுக்காகத்தான் வலதுகைக்கு மாத்தினீங்களா, நான் என்னென்னவோ நெனச்சுட்டேன்’ என்று அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. அன்று சாயங்காலம் பட்டறைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ‘இது என்ன அரம், அது எதுக்கு’ என்று கேட்டாள். மறுநாளும் வந்தாள். அவர் தலைமுடி நரைத்ததைக் கிண்டல் பண்ணினாள். சாப்பிடும்போது அவருக்கு எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்தாள்.

கேட்டது கிடைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியதுதானே? மனுஷனுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அவள் பார்ப்பது தன்னைத்தானா? தன் விரலையா, அவன் விரலையா? முன்பு கட்டிலுக்கு அடியில் கிடந்த ஒரு பெட்டிமேல் பொறாமை. இப்போது தன்மேலேயே பொறாமை. இப்படி ஒரு வியாதி எவனுக்கும் வரக்கூடாது.

இதையெல்லாம் யார் சொன்னது என்றால், அவரே சொன்னதுதான். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நெட்டையனைத் தேடி அவனுடைய ஆபீசுக்கே போய்விட்டார். கேன்டீனில் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார்.

“நாளைக்கு நீ வர்றியாம்ல மாப்ள. உன் முன்னாடி என்னை வாசிச்சுக் காட்டச் சொல்லியிருக்கா உங்க அக்கா.”

“உண்மையைச் சொல்லிடுங்க அத்தான்.”

அவர் இடதுகையை நீட்டிக் காட்டினார். நாலு விரல் நுனியிலும் கம்பி அழுந்திய கோடு. சிவந்து, தோல் தடித்து, மரத்துப்போய்.

“நான் கிட்டாரைத் தொடவே இல்ல. வெளியில நாற்காலியில உட்கார்ந்தபடியே கொஞ்சம் கண் அசந்துடுவேன். எழுந்தா விரல் எரியும். பாடம் படிக்கிறது அவன்டா... தழும்பு என் கையில விழுது.”

அரைநூல் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எலும்புத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். லெஃப்டின் பழைய நட்.

“கிட்டார் இடதுகைக்கு இருந்தவரைக்கும் அவனுக்கு என் கை உதவாது. மாத்தினதும் நான்தான்... கையைக் குடுத்ததும் நான்தான். இதைத் திருப்பி ஒட்டிட்டா எல்லாம் நின்னுடும். பத்து நிமிஷ வேலை.”

“அப்போ ஒட்டுங்க அத்தான்! இன்னைக்கே ஒட்டுங்க!”

“ஒட்டிட்டா நாளைக்கு என்னத்த வாசிப்பேன்?” என்றார். கண் கலங்கியிருந்தது. “ஆறு வருஷம் கழிச்சு இப்பதான்டா என்னைப் பார்க்கிறா.”

துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நெட்டையன் அவரை அவராகப் பார்த்தது அதுதான் கடைசி. அவன் அப்படித்தான் சொல்கிறான், நான் என் பங்குக்கு எதையும் சேர்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்தது. கிட்டாரை ஹாலுக்குக் கொண்டுவந்து ஆம்ப்ளிஃபயரில் செருகியாயிற்று. பட்டறைக் கதவை அக்காவே இழுத்துச் சாத்தினாள், அந்தப் பக்கத்து ஜன்னல் வழியாக வெயில் அடிக்கிறதென்று. அரைநூல் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வெளிறியிருந்தது. சுருதி சேர்த்தார். மறுபடி சேர்த்தார். மூன்றாம் தடவை சேர்த்தபோது அக்கா சிரித்தாள்.

“போதுங்க, ஆரம்பிங்க.”

ஆரம்பித்தார். டொக்... டொக். நெட்டையன் தரையைப் பார்த்தான். அக்காவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி... டொக்.

சுவர்க் கடிகாரம் இரண்டே முக்கால்.

முதலில் வந்தது கிராம்பு வாசனை. அடுத்து அவர் தோள் தளர்ந்தது, யாரோ பின்னாலிருந்து சட்டை மாட்டிவிட்ட மாதிரி. வலது கால் தரையில் தட்டத் தொடங்கியது. அச்சுப் பிசகாத தாளம். பிறகு கை நகர்ந்தது.

எப்படி வாசித்தார் என்று நெட்டையனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ‘கண்ணில் தண்ணி வந்துடுச்சுடா, பயத்துல இல்ல’ என்றான். அந்த வாசிப்புக்கு நடுவில்தான் பட்டறைக்குள் ஏதோ விழுந்தது. ஸ்டூல். அப்புறம் மூடிய கதவின் உள்பக்கத்தில் உள்ளங்கையால் அடிக்கிற சத்தம். பட்... பட்... இங்கே தாளம் விழுந்து முடிந்த பிறகு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தாமதமாக... பட்.

நெட்டையன் எழுந்துவிட்டான். அக்கா எழவில்லை. அவளுக்கு அந்தப் பக்கம் பார்வையே இல்லை. வாசிப்பு முடிந்தது. நாற்காலியில் இருந்தவர் நிமிர்ந்து, இடதுகையால் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தார். அக்கா அருகே போய் இரண்டு கையாலும் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“வந்துட்டியாடா...” என்றாள்.

ஓடிப்போய்ப் பட்டறைக் கதவைத் திறந்தவன் நெட்டையன்தான். வெயில். விழுந்து கிடக்கிற ஸ்டூல். வேறொன்றும் இல்லை.

அதற்கப்புறம் அத்தான் ரிப்பேர் வேலையை விட்டுவிட்டார். இருந்த கிட்டார்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலமானால் வாசிப்பு. அக்கா பக்கத்தில். இரண்டு பேரும் ஒரே சிரிப்பு. பத்து வயது குறைந்துவிட்டது அவளுக்கு. பட்டறைக்குப் பூட்டு.

ஒரு மாதம் கழித்து நெட்டையன் போயிருந்தான். மத்தியானம் படுத்திருந்தவனுக்கு முன்னறையிலிருந்து ஒரு சத்தம். கிர்ர்... கிர்ர்... க்ரீச். அரம் எலும்பில் வழுக்குகிற சத்தம். வேலை தெரியாதவன் ராவினால் வருகிற சத்தம்.

“அது என்ன அத்தான்?”

“எலிடா மச்சான். படு.”

அரைநூல் அவனை ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை, மாப்ளதான். அவர் வெளியே போன நேரம் பார்த்து நெட்டையன் பூட்டைத் திறந்தான். மேசைமேல் பிடிப்பானில் ஒரு துண்டு எலும்பு. அதில் கோணலாக இரண்டு பள்ளம், கையே இல்லாதவர் அறுத்தது போல. அகலப் பள்ளம் மாற்றுப் பக்கத்தில் இருந்தது, இடதுகைக்கு. சுற்றிலும் வெள்ளைத் தூள்.

அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அடுத்த வாரமே அத்தான் அரம், பிடிப்பான், எலும்புத் துண்டு, ஒன்று மிச்சமில்லாமல் அள்ளிக்கொண்டுபோய் வேறொரு ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிட்டார். அறையைக் கழுவித் துடைத்தாயிற்று. நாலு சுவர் மட்டும்தான் பாக்கி.

போன மாதம் நெட்டையன் மறுபடி போனான். அத்தான் உள்ளே தூங்குகிறார். அக்கா ஹாலில் உட்கார்ந்து கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மணி இரண்டரைகூட ஆகவில்லை. பூட்டிய அறைக்குள்... அரம் இல்லை, எலும்பு இல்லை... ஆனாலும் ராவுகிற சத்தம். மெதுவாக, விடாமல். எலும்பை எலும்பால் தேய்க்கிற சத்தம். நடுநடுவே நின்று, தூளை வாயால் ஊதுகிற மூச்சு.

நெட்டையன் அக்கா பக்கம் குனிந்தான்.

“அக்கா... உனக்குக் கேக்கலையா?”

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. கதவுப் பக்கம் திரும்பவும் இல்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டாள்.

“மெதுவாப் பேசுடா. நமக்குக் கேக்குதுன்னு தெரிஞ்சா... அவரு நிறுத்தவே மாட்டாரு.”